டாஷ்போட்டின் பின்பக்கம்

கெல்சென்கிர்ச்சன்
19.1.1986

அன்புள்ள கமலா அக்காவுக்கு,

சோதிலிங்கம் எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்தீர்கள் என்றால் அதுவே பெரிய காரியம். போன வருடம் நீங்கள் போட்ட இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான் பதில் எழுதவில்லை. இதுவும் அதற்கான பதில் இல்லை. வேறொரு உதவி கேட்டு எழுதுகிறேன். எந்த முகத்தோடு கேட்கிறேன் என்று எனக்கே தெரியாது.

நாங்கள் இருக்கும் அகதி விடுதிக்குப் பின்னால் வரிசையாகக் கராஜ்கள் இருக்கின்றன. அதில் ஒன்று ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மன்காரருடையது. ஐம்பத்தைந்து வயது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சு பழுதாகி, நேரத்தோடு ஓய்வில் வந்துவிட்டார். அவர் ஒரு கார் கட்டுகிறார். 1937ஆம் ஆண்டு ஓப்பல் ஒன்றின் வெறும் கூட்டை எடுத்து, கூரையைப் பதித்து, பொனட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய எஞ்சின் ஒன்றைப் பூட்டி வெளியே தெரிய விட்டிருக்கிறார். அமெரிக்காவில் இப்படிச் செய்வார்களாம், ஹொட் றொட் என்று பெயராம். பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது.

எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாள் முழுவதும் நடப்பதுதான் வேலை. கார்த்திகையில் ஒருநாள் அந்தப் பக்கம் நடந்தபோது கராஜ் திறந்திருந்தது. அந்த மனிதர் டாஷ்போட்டைக் கழற்றி மேசையில் வைத்து, அதன் விளிம்போடு ஒரு கோடு இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்குகிறது. இழுப்பார், துணியால் துடைப்பார். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் உள்ளே போய்க் கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு தூரிகையைத் தந்தார். மூச்சை அடக்கி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுவையில் இழுத்தேன். அவர் கனநேரம் குனிந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னார்: “இன்னொருக்கா.”

அன்றிலிருந்து தினமும் போகிறேன். அதை ஒருவரும் வேலை என்று சொல்வதில்லை. டாஷ்போட்டுக்குக் கடுஞ்சிவப்பு எனாமல் மூன்று பூச்சு. விளிம்பில் முட்டைக்கோது நிறத்தில் இரண்டு கோடுகள். மீற்றர்களுக்காக வெட்டிய ஐந்து ஓட்டைகளைச் சுற்றியும் தனித்தனி வளையம். மினிபஸ்ஸுகளுக்குப் பெயர் எழுதிய காலத்தில்கூட இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை.

சிக்கல் வயரில் வந்து நிற்கிறது. ஹோர்ஸ்ட்டுக்கு எஞ்சின் தெரியும், ஒட்டுவேலை தெரியும். கரண்ட் என்றால் பயம். “கண்ணுக்குத் தெரியாத சாமானோட எனக்குப் பழக்கமில்லை” என்கிறார். வயர் பண்ணித் தருவதாகச் சொன்ன சிநேகிதர் ஹம்பேர்க் போய்விட்டார். அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கார் வயர் பண்ணக்கூடிய ஆள் ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஆர் என்று கேட்டார். “என்ர முதலாளியின்ர மனிசி” என்றேன். என் ஜெர்மன் பிழை என்று நினைத்துத் திருப்பிக் கேட்டார். நானும் திருப்பிச் சொன்னேன்.

பற்றறியிலிருந்து சாவிக்கு, சாவியிலிருந்து மீற்றருக்கு, லைற்றுக்கு எப்படிப் போக வேண்டும் என்று ஒரு படம் கீறி அனுப்புவீர்களா? உடைத்த ஜெர்மன் கார் ஒன்றிலிருந்து எடுத்த வயர்க்கட்டு இருக்கிறது, எல்லா நிறமும் உண்டு. விருப்பமில்லை என்றால் விடுங்கள். கோபிக்க மாட்டேன்.

சோதிலிங்கம்


வுப்பர்டால்
26.1.1986

சோதிலிங்கத்துக்கு,

உம்முடைய கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். நான் கேட்டதற்குப் பதில் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும் என்று தேடினேன். இல்லை. ஒரு கோட்டை ஒரே மூச்சில் இழுத்தது இருக்கிறது. ஐந்து ஓட்டைக்கும் வளையம் போட்டது இருக்கிறது.

நீர் மறந்திருந்தால் திரும்பவும் எழுதுகிறேன். 1984 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை, மானிப்பாய் வீதியில் எங்கள் கராஜுக்கு ஆமி வந்தது. இவரைக் கொண்டுபோனது. நான் அன்று தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்காகப் பருத்தித்துறையில் நின்றேன். வந்து பார்த்தபோது கராஜ் திறந்தபடி கிடந்தது. வீதியில் நின்றவர்கள் ஜீப்பைக் கண்டார்கள், உள்ளே நடந்ததை ஒருவரும் காணவில்லை. உம்மையும் காணவில்லை. அடுத்த மாதம் நீர் ஜெர்மனிக்குப் போய்விட்டீர் என்று கேள்விப்பட்டேன். நான் பத்து மாதம் காம்ப் காம்பாக ஏறி இறங்கினேன். அப்படி ஒரு ஆளை நாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள். பிறகு என்னைத் தேடியும் வந்தபடியால்தான் வெளிக்கிட்டேன்.

இங்கே அகதி மனு விசாரணையில் கேட்டார்கள், உமது கணவரைக் கொண்டுபோனதை யார் கண்டது என்று. எங்கள் கராஜில் பெயின்ற் வேலை செய்த சோதிலிங்கம் அங்கேதான் நின்றிருக்க வேண்டும், கெல்சென்கிர்ச்சனில் இருக்கிறார், கேளுங்கள் என்றேன். அவர்கள் உம்முடைய பைலை எடுத்துப் பார்த்தார்கள். நீர் அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்ததாகவும் ஒன்றையும் காணவில்லை என்றும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறீராம். ஆகவே என் கதையை நம்ப இடமில்லை என்று எழுதி என் மனுவைத் தள்ளிவிட்டார்கள். இப்போது மேல்முறையீடு போட்டிருக்கிறேன். இதைத்தான் உமக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன்.

இங்கிருந்து உம்முடைய ஊருக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம். எங்கள் இரண்டு பேரின் காகிதத்திலும் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று முத்திரை குத்தியிருக்கிறது. இல்லாவிட்டால் எப்போதோ வந்து உம்முடைய கதவடியில் நின்றிருப்பேன்.

வயர் விசயம். அந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பிழையாக வயர் பண்ணினால் காரும் எரியும், ஆளும் எரியும். ஆகவே படம் மறுபக்கத்தில் இருக்கிறது. பிறவுண் வயர் பற்றறியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவி திருப்பிய பிறகு. பச்சை மீற்றர்களுக்கு. நீலம் பெரிய லைற். கறுப்பு ஏர்த், கரண்ட் திரும்பிப் போகிற வயர், அதைக் காரின் உடம்போடு இறுக்கிப் பூட்டவும். பியூஸ் இல்லாமல் மீற்றருக்கோ லைற்றுக்கோ கரண்ட் கொடுக்க வேண்டாம்.

கமலாம்பிகை விமலநாதன்


கெல்சென்கிர்ச்சன்
9.2.1986

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் என் கடிதம் என்றாலே ஏதோ கெட்ட செய்தி என்று நினைக்கப் போகிறீர்கள்.

நீங்கள் கீறிய படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து, ஒரு கிழமையாக ஒவ்வொரு வயராகப் பூட்டினோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பற்றறியை வைத்தோம். பிறவுண் வயரைப் பற்றறியின் நேர் முனையில் முறுக்கினேன். முறுக்கி முடிக்கவில்லை, டாஷ்போட்டுக்குப் பின்னால் புகை கிளம்பியது. ஹோர்ஸ்ட் பாய்ந்து வெறுங்கையால் வயரை இழுத்துப் பிடுங்கினார். உள்ளங்கையில் கொப்புளம் போட்டுவிட்டது. கார் தப்பியது. டாஷ்போட்டின் இடது மூலையில் ஒரு கை அகலத்துக்கு என் பெயின்ற் பொங்கிக் கறுத்துப் போயிற்று.

அவர் மனைவி எறிக்கா ஓடிவந்து அவரை ஏசினாள், என்னை ஏசினாள், காரையும் ஏசினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இனிமேல் வராதே என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கையைத் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். “ஜெர்மன் காரிலை பிறவுண் எண்டால் ஏர்த். அது எனக்கே தெரியும்” என்றார். அப்படியென்றால் ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். “உன்ர முதலாளியம்மாவுக்குத் தெரியாததோ எனக்குத் தெரியப்போகுது எண்டு பேசாமல் இருந்தனான்” என்றார்.

உங்களை ஒருவரும் குறை சொல்லவில்லை. மூலையைச் சுரண்டித் தேய்த்துத் திரும்பப் பூசுகிறேன். அதே சிவப்பு வருமோ தெரியாது.

நீங்கள் கேட்டதற்கு இந்தக் கடிதத்திலும் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும் அக்கா. நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

சோதிலிங்கம்


வுப்பர்டால்
17.2.1986

சோதிக்கு,

பிழை என்னுடையது. அந்த மனிதரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம் என்றும் சொல்லும்.

பன்னிரண்டு வருடமாக வயர் வேலை செய்தேன், என் கையால் ஒரு கார் புகைந்ததில்லை. ஊரில் எங்கள் கராஜுக்கு வந்ததெல்லாம் ஒஸ்டினும் மொறிஸும். இங்கிலிஷ் கார்களில் பிறவுண் என்றால் பற்றறி, கறுப்பு என்றால் ஏர்த். உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடமாகிறது, ஒரு காரின் பொனட்டைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உம்முடைய கடிதம் வந்த மறுநாள் இங்கே கார் மின்வேலை செய்கிற பட்டறை ஒன்றுக்குப் போனேன். வாசலில் அரை மணித்தியாலம் நின்றேன். பிறகு உள்ளே போய், ஒரு கடதாசியில் கார் கீறி, வயர் கீறி, நிறம் நிறம் என்று கேட்டேன். முதலாளி கேட்டார், “உங்கட புருசனுக்கோ?” இல்லை, எனக்கு என்றேன். அவர் நம்பவில்லை. மேசையில் கிடந்த, கார்க் கண்ணாடி துடைக்கிற மோட்டரைத் தூக்கி என் முன்னால் வைத்தார். ஓடவில்லை என்று கையால் காட்டினார். திறந்து பார்த்தேன், உள்ளே கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு தேய்ந்திருந்தது. தொட்டுக் காட்டினேன். அவர் உள்ளே போய் அச்சடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதைத்தான் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பிறவுண் ஏர்த். சிவப்பு பற்றறி. கறுப்பு சாவிக்குப் பிறகு. இந்த முறை ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்த்தேன்.

என் வழக்கு ஜூன் 11ஆம் திகதி. இனி உம்மிடம் நான் கேட்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் கராஜுக்குத் திரும்பி வந்தபோது செல்வராசாவின் மினிபஸ் நின்றது. பின்பக்கத்தில் “வைரவர் து” என்று இருந்தது. “துணை” எழுதி முடியவில்லை. கீழே பெயின்ற் ரின் திறந்தபடி ஆடை கட்டிப் போய்க் கிடந்தது, தூரிகை மண்ணில் கிடந்தது. நீர் தூரிகையைக் கழுவாமல் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. இதை நான் விசாரணையில் சொல்லவில்லை. காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எனக்கு ஒரு வரி எழுதும். அதோடு விட்டுவிடுகிறேன்.

கமலாம்பிகை


கெல்சென்கிர்ச்சன்
2.3.1986

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. நான் அங்கேதான் நின்றேன்.

பதினொரு மணி இருக்கும். மினிபஸ்ஸுக்குப் பின்னால் முக்காலியில் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணை உள்ளே எஞ்சின் ஒன்றோடு நின்றார். இரண்டு ஜீப் வந்தது. பஸ் மறைத்ததால் அவர்கள் என்னைக் காணவில்லை. பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியால் நான் எல்லாவற்றையும் கண்டேன், கேட்டேன்.

ஐந்தாறு பேர் உள்ளே போனார்கள். ஒருவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். எல்லாவற்றையும் கிளறிவிட்டுக் கடைசியில் உங்கள் மேசைக்கு வந்தார்கள் அக்கா. வயர்ச் சுருள்கள், சின்னப் பற்றறி இரண்டு, ஒஸ்டின் காரிலிருந்து நீங்கள் திருத்தக் கழற்றி வைத்த மணிக்கூடு. மணிக்கூட்டைக் கண்டதும் குண்டு செய்கிற சாமான் என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்கள் பேசுவது மாறிவிட்டது. தமிழ் தெரிந்தவன் கேட்டான், “இது யாருடைய மேசை?”

அண்ணை உடனே சொன்னார், “என்ர.”

“வயர் வேலை நீயா செய்யிறது?”

“ஓம். நான்தான். இஞ்சை வேற ஒருத்தருக்கும் இந்த வேலை தெரியாது.”

அண்ணைக்கு இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கத் தெரியாது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவன் ஒரு சாமானைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டான். சிக்னல் லைற் மினுங்க வைக்கிற அந்தச் சின்ன டப்பா. அண்ணைக்குத் தெரியவில்லை. ஏதோ சொன்னார், தடுமாறினார். தெரிந்துகொண்டு மறைக்கிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்கு அது தெரியும். ஓடிப்போய் “இது சிக்னல் லைற் சாமான், அக்கா செய்யிற வேலை” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்ததாக உங்களைத் தேடி வருவார்கள். அதை நினைத்துத்தான் பேசாமல் நின்றேன் என்று இரண்டு வருடமாக என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வருகிறேன். உண்மை அப்படியில்லை. அந்த நேரம் நான் ஒன்றையும் நினைக்கவில்லை. தூரிகையைப் பிடித்தபடி நின்றேன், அவ்வளவுதான்.

பிறகு அவன் கேட்டான், “வேற யார் இங்க நிக்கிறது?” அண்ணை என் பக்கம் திரும்பவில்லை. சத்தமாகச் சொன்னார், “நான் மட்டும்தான் இஞ்சை நிக்கிறன்.” அதைக் கேட்டதும் நான் தூரிகையைப் போட்டுவிட்டுப் பின்மதில் ஏறிக் குதித்து ஓடினேன். வாழைத் தோட்டத்துக்குள் விழுந்து கிடந்தபோது ஜீப் போகும் சத்தம் கேட்டது.

நீங்கள் வரும் வரைக்கும் நான் நின்றிருக்க வேண்டும். நின்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்து, அக்கா, உங்கள் மேசைக்காகத்தான் அண்ணையைக் கொண்டுபோனார்கள் என்று எப்படிச் சொல்வது? ஓடினேன் என்று எப்படிச் சொல்வது? இங்கே வந்து விசாரணையில் கேட்டபோது காய்ச்சல் என்று சொன்னால் ஒன்றையும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். அந்தப் பொய் உங்கள் தலையில் போய் விழும் என்று கனவிலும் நினைக்கவில்லை. உங்கள் முதல் கடிதம் வந்த அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகும் ஐந்து மாதம் பேசாமல் இருந்தேன். அதற்கு ஒரு சாட்டும் இல்லை.

இன்னொன்று. ஹோர்ஸ்ட்டுக்கு வயர் பண்ண இந்த ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். எனக்கு உங்களுக்கு எழுத ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அண்ணை “நான் மட்டும்தான்” என்று சொன்னது நான் ஓடித் தப்பட்டும் என்றா, அல்லது நான் வெளியே வந்து “நானும் நிக்கிறன்” என்று சொல்ல வேண்டும் என்றா? இதை நான் யாரிடம் கேட்பது?

சோதி


வுப்பர்டால்
6.4.1986

சோதிக்கு,

ஒரு மாதம் எழுத முடியவில்லை. எழுதக்கூடாது என்று இருக்கவில்லை, கை போகவில்லை.

மேசை என்னுடையது என்று எனக்கு முதலே தெரியும். நான் கராஜுக்குள் போனபோது எஞ்சின் சாமான் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. என் மேசை மட்டும் வெறுமையாக இருந்தது. ஒரு ஆணிகூட இல்லை. அன்றிலிருந்து எனக்குத் தெரியும். நீர் என்னிடமிருந்து மறைக்கப் பார்த்ததை நான் இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன். வயரைத் தொடாமல் இருந்ததும் அதனால்தான். எனக்குத் தெரியாமல் இருந்தது “என்ர” என்று அவர் சொன்னது. அதை நான் இப்போதுதான் அறிகிறேன். உடனே சொன்னார் என்று எழுதியிருக்கிறீர். யோசித்துச் சொல்லவில்லையா? உடனேயா?

அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று கேட்டிருக்கிறீர். நான் அந்த இடத்தில் நிற்கவில்லை, என்னால் சொல்ல ஏலாது. ஆனால் பன்னிரண்டு வருடம் அவரோடு வாழ்ந்தேன். ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றை எதிர்பார்க்கிற மனிசன் இல்லை அவர். தேத்தண்ணி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆள் இல்லை என்று சொன்னால் நீர் ஆள் இல்லாமல் போக வேண்டும் என்றுதான் அர்த்தம். இதை உம்மை ஆறுதல்படுத்த எழுதவில்லை. நீர் பிறகு என்னிடம் வராமல் போனதற்கு இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது. அது வேறு, இது வேறு.

எனக்கு இரண்டு கேள்வி. அவரை அடித்தார்களா? அவர் கண்ணாடி போட்டிருந்தாரா? கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குப் பத்தடி தூரம் தெரியாது.

வக்கீல் ஒரு விசயம் எழுதச் சொன்னார். நீர் சாட்சி சொன்னால் எனக்கு நல்லது. ஆனால் முன்பு பொய் சொன்னதாக உம்முடைய பைலில் ஏறும், உம்முடைய மனுவையே தள்ளிவிடக்கூடும். இதை உமக்குச் சொல்லாமல் கூப்பிடுவது பிழை என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. வாசித்துவிட்டு நீரே முடிவு செய்யும். வராவிட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

கமலாம்பிகை


கெல்சென்கிர்ச்சன்
27.4.1986

அன்புள்ள அக்காவுக்கு,

அடித்தார்கள். ஒருவன் துவக்குப் பிடியால் தோளில் ஒருதரம் இடித்ததைக் கண்டேன். அண்ணை விழவில்லை. கண்ணாடி போட்டிருந்தார். அது முகத்தில்தான் இருந்தது, விழவில்லை. இடைவெளியால் அவர் முகத்தைப் பார்த்தேன் என்பதால் நிச்சயமாகச் சொல்வேன். பிறகு ஜீப் போனபோது எட்டிப் பார்க்கவில்லை, அதனால் அதற்குப் பிறகு தெரியாது. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். “என்ர” என்று உடனேதான் சொன்னார். கேட்டவன் வாயை மூடவில்லை, இவர் சொல்லிவிட்டார்.

நான் போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குப் போய், முன்பு கொடுத்த வாக்குமூலம் பிழை, திருத்த வேண்டும் என்றேன். எழுதின பெண் மூன்று முறை கேட்டாள், இதனால் உமக்கு என்ன வரும் என்று தெரியுமா என்று. தெரியும் என்றேன். எல்லாவற்றையும் தட்டச்சில் அடித்துக் கையெழுத்து வாங்கினாள். ஜூன் 11ஆம் திகதி ஊரை விட்டு வர ஒருநாள் அனுமதியும் தந்திருக்கிறார்கள். வருகிறேன்.

கார் விசயமும் எழுதுகிறேன், ஹோர்ஸ்ட் எழுதச் சொல்லி நிற்கிறார். நீங்கள் அனுப்பிய தாளின்படி எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினோம். புகை வரவில்லை. லைற் எரிந்தது. ஆனால் ஐந்து மீற்றரில் ஒன்றின் முள்ளும் அசையவில்லை. இரண்டு நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால் குற்றம் என்னில். டாஷ்போட்டின் பின்பக்கத்துக்கும் நான் மூன்று பூச்சு எனாமல் அடித்திருக்கிறேன். ஏர்த் வயரைப் பெயின்றுக்கு மேல் பூட்டினால் கரண்ட் எப்படித் திரும்பும்? ஹோர்ஸ்ட் உப்புத்தாளை நீட்டினார், நீயே செய் என்று. ஒருவரும் பார்க்கப் போகாத பக்கம்தான், இருந்தாலும் சுரண்டும்போது மனம் கேட்கவில்லை. தகரம் வெள்ளையாகத் தெரியும் வரைக்கும் சுரண்டினேன். பூட்டிச் சாவியைத் திருப்பினார். ஐந்து முள்ளும் எழும்பின.

காரை றோட்டில் விடுவதற்கு முன் பரிசோதிக்கிற நிலையம் ஒன்றில் காட்டி அனுமதி எடுக்க வேண்டும். பொனட் இல்லாத காருக்கு அனுமதி கிடைக்குமோ என்று எறிக்கா கேட்கிறாள். அவர் துணியை எடுத்து எஞ்சினைத் துடைக்கத் தொடங்கிவிடுகிறார்.

சோதி


வுப்பர்டால்
14.9.1986

அன்புள்ள சோதிக்கு,

அன்று நீதிமன்ற நடையில் நாங்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. நீர் சாப்பிடச் சொல்லிப் பாண் துண்டை நீட்டினீர், நான் வேண்டாம் என்றேன். உம்முடைய ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தீர்ப்பு எழுத்தில் வரட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அரசாங்கப் பக்கத்தார் அதை எதிர்த்து மேலே போகவில்லை. என்னை அகதியாக ஏற்றுக்கொண்டாயிற்று.

நீதிபதி உம்மைக் கேட்டது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. அன்று காய்ச்சல் என்றீர், இன்று காய்ச்சல் இல்லை என்கிறீர், நான் எதை நம்புவது என்று கேட்டார். நீர் சொன்னீர், “முதல் சொன்னதாலை எனக்கு நன்மை. இப்ப சொல்லுறதாலை எனக்கு நட்டம் மட்டும்தான்.” வக்கீல் இதைவிட நல்லதாகச் சொல்லியிருக்க மாட்டார்.

மொழிபெயர்க்க வந்தவர் மதுரைப் பக்கத்து ஆராய்ச்சி மாணவராம். நல்ல பிள்ளை, ஆனால் எங்கள் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. நீர் “என்ர” என்றதும் நிறுத்தி, “என்ர என்றால்?” என்று கேட்டார். நீர் “என்னுடையது எண்டு” என்றீர். அவர் ஜெர்மனில் நீதிபதிக்குச் சொன்னார். நீதிபதி எழுதும் பெண்ணுக்குத் திருப்பிச் சொன்னார். அந்த ஒரு சொல்லை மூன்று பேர் வாயால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இவர் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது போல இருந்தது.

உம்முடைய மனுவைத் தள்ளிவிட்டார்கள் என்று போன கிழமை எழுதியிருந்தீர். பயப்பட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் திருப்பி அனுப்ப இப்போதைக்கு அனுப்ப மாட்டார்கள் என்று வக்கீல் சொல்கிறார். மேல்முறையீடு போடும். நீர் அன்று கராஜில் நின்றீர், உம்முடைய முதலாளியைக் கொண்டுபோனார்கள், ஓடாமல் நின்றிருந்தால் உம்மையும் கொண்டுபோயிருப்பார்கள் என்று நான் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். கூப்பிட்டால் வந்து சொல்வேன். ஊரை விட்டு வர எனக்கு இனி ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பட்டறை முதலாளி என்னை வேலைக்குக் கேட்டிருக்கிறார். வேலை அனுமதி வந்ததும் ஒக்ரோபரில் தொடங்குகிறேன். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஆண்கள், ஒருவன் என்னைக் கண்டால் விசிலடிக்கிறான். அவனுடைய மேசையில் இருந்த டைனமோவுக்கு நான் கம்பி சுற்றிக் கொடுத்த பிறகு விசில் குறைந்திருக்கிறது.

வருகிற சனிக்கிழமை பத்தரை ரயிலில் வருகிறேன். ஹோர்ஸ்ட்டின் காருக்கு அனுமதி கிடைத்ததில் சந்தோசம் என்று சொல்லும். ஆனால் அந்த வயர்களை என் கண்ணால் பார்க்காமல் நான் அதில் ஏற மாட்டேன் என்றும் சொல்லும்.

கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை பயணப் புத்தகத்துக்காக அலுவலகத்துக்குப் போனேன். ஒரு இளம் பெண் தட்டச்சில் படிவம் நிரப்பினாள். பெயர், பிறந்த இடம் எல்லாம் கேட்டுவிட்டு, திருமணமானவரா, விதவையா என்று கேட்டாள். என் பைலைப் படித்திருக்கிறாள் போலும். விதவை என்ற சொல்லை மெதுவாகச் சொன்னாள், அதைத்தான் நான் சொல்லப் போகிறேன் என்று விரலையும் அந்தப் பக்கம் வைத்துவிட்டாள். எனக்கு உம்முடைய சாட்சி ஞாபகம் வந்தது. தோளில் ஒரு இடி. விழவில்லை. கண்ணாடி முகத்தில் இருந்தது. அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் காணவில்லை.

திருமணமானவர் என்று எழுதச் சொன்னேன். அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு அப்படியே அடித்தாள்.

அக்கா
கமலாம்பிகை